கொம்பு முன்னே, மெய் பின்னே

3648, 3614, 3621, 3634. தாய்லாந்து எழுத்தில் தட்டிய ஒரு சொல் கணினியின் நினைவகத்தில் இப்படித்தான் கிடக்கிறது. முதல் எண், மெய்க்கு இடப்பக்கம் நிற்கும் ஏகாரக் குறிக்கு உரியது. நம் கொம்புக்கு அது தூரத்து உறவு. அடுத்த இரண்டும் ப, ல என்ற மெய்கள். கடைசி எண் ஆகாரக் கால். 'ப்லாவ்' என்று வாசித்தால் இது வண்டியின் அச்சு. 'பேலா' என்று வாசித்தால் நேரம், அதாவது நம்முடைய 'வேளை'. தாளில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. விசைப்பலகையிலும் நினைவகத்திலும் அப்படியே. எது எந்தச் சொல் என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்கிறார்.

இந்தச் சேமிப்பு முறைக்கு யூனிகோடு ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கிறது: தர்க்க வரிசைக்கு விதிவிலக்கு. பிராமியின் வழிவந்த பெரும்பாலான எழுத்துகளில் மெய் முதலில், உயிர்க்குறி அடுத்து என்பதே விதி. தமிழில் 'கெ' என்று தட்டினால் நினைவகத்தில் ககரம் முன்னும் கொம்பு பின்னும் போய் உட்காரும். திரையில் காட்டும்போது மென்பொருள் கொம்பை இழுத்து இடப்பக்கம் நிறுத்தும். தேவநாகரி, வங்காளம், மலையாளம், கெமர் எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்குதான். தாய்லாந்து எழுத்தும் பல்லவ எழுத்திலிருந்து கெமர் வழியாக வந்ததுதான். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பை முன்னால் வைத்தே, சேமிக்கிறது. இப்படி மெய்யை முந்தும் குறிகள் ஐந்து. நிரலாளர்கள் கூடும் இடங்களில் இதைப் பழைய காலத்துச் சோம்பல் என்றும், தட்டச்சுப்பொறியின் எச்சம் என்றும் சொல்வது வழக்கம். இந்தக் குற்றச்சாட்டு நிற்குமா?

வரலாறு குற்றச்சாட்டுக்குச் சாதகமாகத்தான் தொடங்குகிறது. எட்வின் ஹன்ட்டர் மெக்ஃபார்லண்ட் 1892 வாக்கில் தாய்லாந்து மொழிக்கு ஆக்கிய முதல் தட்டச்சுப்பொறியில் விசைகள் போதவில்லை. இரண்டு மெய்யெழுத்துகள் வெளியே தள்ளப்பட்டன. நாளடைவில் அவை எழுத்து வழக்கிலிருந்தே மறைந்தன. இயந்திரம் மொழியை வெட்டியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இடமிருந்து வலமாகக் கண்ணில் படும் வரிசையில் தட்டும் பழக்கமும் அந்த இயந்திரத்தின் காலத்திலேயே ஊறியது. கணினி வந்தபோது ஆளுக்கொரு குறியேற்றம் முளைத்தது. கசேத்சார்ட் பல்கலைக்கழகத்தின் பெயரால் அறியப்பட்டது அவற்றுள் ஒன்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தாய்லாந்தின் தொழில்துறைத் தர நிறுவனம் 1986இல் டிஐஎஸ் 620 என்ற தரத்தை வெளியிட்டு, 1990இல் திருத்தியது. மொத்தம் 87 குறிகள், ஒவ்வொன்றும் ஒரே பைட்டு. வழக்கொழிந்த அந்த இரண்டு மெய்களுக்கும் இதில் இடம் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தரத்தை ஆக்கியவர்கள் தட்டச்சுப்பொறிக்கு அடிமைப்பட்டிருந்தால் அவற்றைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

1991இல் வந்த யூனிகோடு இந்த அட்டவணையை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டது. டிஐஎஸ் எண்ணோடு 3424ஐக் கூட்டினால் யூனிகோடு எண் வந்துவிடும். ககரத்தின் 161 அங்கே 3585 ஆனது. பாட் நாணயக் குறியின் 223 அங்கே 3647. நாணயக் குறிகளுக்கென்று தனித் தொகுதி இருந்தும், பாட் தன் ஊர்க்காரர்களோடேயே தங்கிவிட்டது. மைக்ரோசாஃப்டின் 874ஆம் குறித்தொகுதியும் 2001இல் வந்த ஐஎஸ்ஓ 8859-11உம் இதே அட்டவணைக்குச் சிறு ஒட்டுப்போட்டவைதான்.

ஆனால் முதல் பதிப்பில் யூனிகோடு இன்னொன்றும் செய்தது. ஐந்து முன்னிற்கும் குறிகளுக்கும் 'ஒலிப்பு வரிசை' என்ற பெயரில் இன்னொரு படியைத் தனியே வைத்தது. வேண்டியவர்கள் மெய்க்குப் பின்னால் இதைத் தட்டிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து விட்டது. இரண்டு ஆண்டுகள்கூட அவை நிலைக்கவில்லை. ஐஎஸ்ஓவின் உலகக் குறித்தொகுதியோடு யூனிகோடு இணைந்தபோது அந்த ஐந்தும் நீக்கப்பட்டன. ஒரே சொல்லை இரு வரிசைகளில் சேமிக்க அனுமதிப்பதைவிடப் பெரிய கேடு எழுத்துக் குறியேற்றத்தில் இல்லை. அந்த நீக்கத்தைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் அகர வரிசை. தாய்லாந்து அகராதி மெய்யின் வரிசையில்தான் சொற்களை அடுக்குகிறது. கொம்பில் தொடங்கும் சொல்லைக் கொம்பின் கீழ் யாரும் தேட மாட்டார்கள். நினைவக எண்களை வைத்து அப்படியே வரிசைப்படுத்தினால் கொம்பில் தொடங்கும் சொற்கள் எல்லாம் எல்லா மெய்களுக்கும் பின்னால் கும்பலாகப் போய் நிற்கும். ஆகவே வரிசைப்படுத்தும் மென்பொருள் ஒவ்வொரு கொம்பையும் அடுத்த மெய்யோடு இடம் மாற்றிப் பார்த்தாக வேண்டும். யூனிகோடின் வரிசை அட்டவணை இதற்காக ஒவ்வொரு கொம்பு-மெய் இணையையும் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறது. 5 கொம்பு, 44 மெய் என்று கணக்கிட்டாலே 220 இணைகள். மெய்யைக் கொண்டு தேடுவதிலும், நீளம் கருதி ஒரு வரியைப் பாதியில் வெட்டுவதிலும் இதே தொல்லை. வெட்டு கொம்புக்கு அடுத்து விழுந்தால், மெய்யில்லாத கொம்பு ஒன்று அநாதையாக வரியின் ஓரத்தில் நிற்கும்.

இவை உண்மையான செலவுகள். இவற்றுக்கு ஈடாகக் கிடைத்தது என்ன?

இங்கேதான் தமிழோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உதவுகிறது. நம்மிடமும் கொம்பை முன்னால் வைத்துச் சேமித்த காலம் உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில் இணையத் தமிழர்கள் பயன்படுத்திய டிஸ்கி குறியேற்றம் அப்படித்தான். அதிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது ஒரு சின்ன நிரல் போதுமானதாக இருந்தது: கொம்பைப் பார்த்தால் அடுத்த மெய்க்குப் பின்னால் தள்ளு. பொருள் தெரிய வேண்டியதில்லை, அகராதி வேண்டியதில்லை. காரணம் புள்ளி. 'க்ரெ' என்று எழுதும்போது ககரம் உயிரற்றது என்று புள்ளி சொல்லிவிடுகிறது, கொம்பும் ரகரத்தின் தோளிலேயே ஏறுகிறது. கொம்பு யாருடையது என்ற கேள்வியே எழாது. கெமரில் கூட்டுமெய்யின் இரண்டாம் எழுத்து அடியில் போய்த் தொங்கும், கூட்டு கண்ணுக்குத் தெரியும். அன்றாடத் தாய்லாந்து எழுத்தில் புள்ளியும் இல்லை, அடுக்கும் இல்லை. கூட்டுமெய் இருக்கிறதா என்பதை எழுத்து சொல்லாது. புள்ளியிடாத நம் ஓலைச்சுவடிகளை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்த நிலை புரியும்.

ஒலிப்பு வரிசையில் சேமிப்பதாக இருந்தால், வண்டி அச்சைக் குறிக்கும் சொல்லில் கொம்பு ப, ல இரண்டையும் தாண்டிப் போக வேண்டும். நேரத்தைக் குறிக்கும் சொல்லில் பகரத்தோடு நின்றுவிட வேண்டும். திரையிலும் தாளிலும் ஒன்றுபோல் இருக்கும் சொல்லுக்கு நினைவகத்தில் இரண்டு வடிவம். இது ஏதோ ஒரு தனிச்சொல்லின் கோளாறு என்று தள்ளிவிடவும் முடியாது. 3649, 3627, 3609 என்ற மூன்று குறிகளை 'ஹேன்' என்றால் பேணிக் காத்தல், 'நே' என்றால் குளத்தில் மிதக்கும் சிறுபாசி. இரண்டாவதில் ஹகரம் ஒலிக்காது, தொனியை மாற்ற மட்டும் நிற்கிறது. தட்டச்சு செய்பவர் ஒவ்வொரு சொல்லிலும் தன் உச்சரிப்பை எழுத்தில் அறிவித்தால்தான் ஒலிப்பு வரிசை நடக்கும். எழுத்துமுறை கேட்காத ஒரு தகவலைக் குறியேற்றம் கேட்கிறது என்றால், அது குறியேற்றத்தின் எல்லைமீறல்.

கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. உச்சரிப்பை விட்டுவிடுங்கள், கொம்பை எப்போதும் முதல் மெய்க்குப் பின்னால் வையுங்கள், கண்மூடித்தனமாக. அரச கழகத்தின் அகராதியே அப்படித்தானே அடுக்குகிறது? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த அகராதி கூட்டுமெய்யைப் பொருட்படுத்துவதில்லை. வடிவத்தைப் பார்த்து, முதல் மெய்யோடு கொம்பை மாற்றி, அடுக்குகிறது. அப்படிச் சேமித்திருந்தால் 220 இணைகளும் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் அப்போது கிடைப்பது ஒலிப்பு வரிசையும் அல்ல, எழுத்து வரிசையும் அல்ல. ஒரு கற்பனை வரிசை. 'தர்க்கம்' என்ற பெயருக்கு அதற்கு உரிமையே கிடையாது. இன்னும் அடியில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தாய்லாந்து எழுத்தில் கொம்பு பல இடங்களில் ஓர் உயிர் அல்ல, உயிரின் ஒரு துண்டு. மனைவியைக் குறிக்கும் 'மியா' என்ற சொல்லில் கொம்பு, மகரம், மேலே ஈகாரச் சுழி, யகரம் என நான்கு குறிகள். அங்கே ஏகார ஒலியே இல்லை. தன்மைப் பன்மையான 'ராவ்' என்பதில் கொம்பும் காலும் ரகரத்தின் இருபுறமும் நின்று 'ஆவ்' என்று ஒலிக்கின்றன. நம் ஒகரத்துக்கு யூனிகோடில் தனி எண் உண்டு, கொம்பும் காலும் சேர்ந்தால் அதற்குச் சமம் என்ற விதியும் உண்டு. தாய்லாந்தின் தரம் இத்தகைய கூட்டு உயிர்கள் எதற்கும் எண் தரவில்லை. தாளில் உள்ள துண்டுகளுக்கு மட்டுமே எண் தந்தது. துண்டுகளை எண்ணும் குறியேற்றத்தில் உயிரின் சரியான இடம் எது என்று கேட்பதே பொருந்தாத கேள்வி.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். வரிசைப்படுத்துவது தரவுத்தளத்திலும் அகராதியிலும் நடக்கும் வேலை. காட்டுவது எல்லா இடத்திலும் நடக்கும் வேலை: முனையத்தில், அச்சுப்பொறியில், ரசீது அடிக்கும் இயந்திரத்தில். 1986இன் கருவிகளுக்குக் கொம்பை இழுத்து மாற்றும் அறிவு கிடையாது. சிக்கலை அரிதாக நடக்கும் வேலையின் தலையில் ஏற்றி, அன்றாட வேலையை எளிதாக்கியது அந்தத் தரம். தமிழ் யூனிகோடு காகிதத்தில் இருந்தும் திரையில் கொம்பு சரியாக விழாததால் நம் இதழ்கள் பல ஆண்டுகள் தத்தம் எழுத்துருக் குறியேற்றத்தோடு அல்லாடியதை நினைத்துப் பார்த்தால், தாய்லாந்து எதைத் தவிர்த்துக்கொண்டது என்பது தெரியும்.

பக்கத்து எழுத்துகளிலிருந்தும் சாட்சி வருகிறது. சீனாவின் யுன்னானில் வழங்கும் புதிய தாய் லூ எழுத்தை யூனிகோடு 2005இல் விதிப்படி தர்க்க வரிசையில் சேர்த்தது. அதை எழுதுபவர்கள் கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். 2015இல், எட்டாம் பதிப்பில், யூனிகோடு தன் விதியை விட்டு அவர்கள் வழிக்கு வந்தது. எதையும் மாற்றமாட்டேன் என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கும் ஓர் அமைப்பு இறங்கி வந்தது சிறிய செய்தி அல்ல.

லாவோ எழுத்து இதற்கு எதிர்ச்சாட்சி. யூனிகோடில் லாவோ தொகுதி தாய்லாந்துத் தொகுதியை 128 எண்கள் தள்ளிப் போட்ட அச்சு. லாவோ மொழியின் தேவைகளைப் பார்த்து வகுத்தது அல்ல. பாலி மொழி எழுதத் தேவையான லாவோ எழுத்துகள் 2019 வரை காத்திருந்தன. அவசரத்தில் சில எழுத்துகளின் பெயர்களே ஒன்றுக்கொன்று மாறிப் பதிவாகின, பெயரை மாற்றக் கூடாது என்ற விதியால் இன்றும் அப்படியே கிடக்கின்றன. லாவோ சொற்களை முறையாக அடுக்க அசை பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதால், கண்வரிசையின் செலவு அங்கே இன்னும் கூடுதல். தாய்லாந்துக்குச் சரியான தீர்வு அயலாருக்கும் சரி என்று எடுத்துக்கொண்டது யூனிகோடின் பிழை, 1986ஆம் ஆண்டுத் தரத்தின் பிழை அல்ல.

அப்படியானால் அந்தத் தரத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. எல்லோரும் விரல் நீட்டும் இடத்தில் இல்லை என்பதுதான் செய்தி.

'ஸரா அம்' என்ற குறியை எடுத்துக்கொள்வோம். எண் 3635. மெய்யின் தலைமேல் ஒரு சிறு வட்டம், மெய்க்கு வலப்பக்கம் ஓர் ஆகாரக் கால்: இந்த இரண்டு துண்டும் சேர்ந்தது அந்த ஒரு குறி. வட்டத்துக்கு 3661 என்று தனி எண் உண்டு, காலுக்கு 3634 என்று தனி எண் உண்டு. எல்லா உயிரையும் துண்டு துண்டாக எண்ணிய தரம், இந்த ஒன்றை மட்டும் சேர்த்துக் கட்டி எண்ணியது. தட்டச்சுப்பொறியில் அதற்கு ஒற்றை விசை இருந்ததே காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது. தட்டச்சுப்பொறியின் எச்சம் என்ற வசை பொருந்தும் இடம் இதுதான்.

விளைவை ஒரு சொல்லில் காட்டலாம். தண்ணீருக்குத் தாய்லாந்துச் சொல் 'நாம்'. நகரம், 'மை தோ' என்ற தொனிக்குறி, ஸரா அம் என்ற வரிசையில் தட்டுகிறார்கள்: 3609, 3657, 3635. எழுத்தில் வட்டம் நகரத்தின் தலைமேல் ஒட்டி நிற்க வேண்டும், தொனிக்குறி அந்த வட்டத்துக்கும் மேலே. அதாவது கடைசியாகத் தட்டிய குறியின் பாதி, அதற்கு முன் தட்டிய தொனிக்குறிக்கு அடியில் போய்ச் சேர வேண்டும். எனவே காட்டும் மென்பொருள் ஸரா அம்மை உடைத்து, வட்டத்தை உருவி, தொனிக்குறிக்கு முன்னால் நுழைக்கிறது. கண்வரிசையைத் தேர்ந்தெடுத்ததே இந்த மாதிரி இடமாற்றம் வேண்டாம் என்பதற்காக. மொழியின் மிகச் சாதாரணச் சொற்களில், தண்ணீரில், அது திரும்ப வந்து நிற்கிறது.

யூனிகோடு இந்தக் குறையை ஆற்றவில்லை, கிளறியது. ஒரே உரையின் மாறுபட்ட சேமிப்புகளை ஒன்றாக்கும் இணக்க இயல்பாக்கம் என்ற முறையில் ஸரா அம் இரண்டாக உடைகிறது, ஆனால் இடம் மாறுவதில்லை. கிடைப்பது 3609, 3657, 3661, 3634. இப்போது தொனிக்குறி முதலில், வட்டம் அடுத்து. அப்படியே காட்டினால் வட்டம் தொனிக்குறியின் தலையில் ஏறிக்கொள்ளும். இயல்பாக்கத்தில் உடையும் குறி என்பதால் இணைய முகவரிப் பெயர்களுக்கான 2008ஆம் ஆண்டு விதிகள் ஸரா அம்மை அனுமதிப்பதில்லை. உடைந்த துண்டுகள்தான் அதன் இடத்தில் நிற்க வேண்டும். மூன்றாவதாக, வட்டம், தொனிக்குறி, கால் என்று ஒருவர் கையாலேயே தட்டினால் திரையில் சரியான 'நாம்' வந்துவிடும், சேமிப்போ முற்றிலும் வேறு. தண்ணீருக்கு நினைவகத்தில் மூன்று வடிவங்கள். கொம்பு விஷயத்தில் தப்பித்த ஆபத்து இங்கே வாசலைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டது.

அடுத்த குறை சிறியது, தினசரி கடிப்பது. விரிந்த ஏகாரத்துக்கு உரிய 3649, பார்வைக்கு இரண்டு ஒற்றைக் கொம்புகள்தான். 3648ஐ இருமுறை தட்டினால் வாசகர் வித்தியாசம் காண மாட்டார். தேடுபொறி காணும், சொல் கிடைக்காது. தனி எழுத்து என்று மக்கள் கருதுவதால் தனி எண் கொடுத்தது நியாயமே. இரண்டும் சமம் என்று யூனிகோடு ஒரு விதி எழுதியிருக்கலாம். எழுதவில்லை, இனி எழுதவும் முடியாது.

மூன்றாவது முழுக்க யூனிகோடின் கைவரிசை. மெய்யோடு ஒட்டும் குறிகளுக்கு அது வகுப்பு எண் தந்து, வரிசை தப்பித் தட்டினாலும் இயல்பாக்கம் சரிசெய்யும்படி வைத்திருக்கிறது. தாய்லாந்து எழுத்தில் மெய்க்கு அடியில் வரும் உகர, ஊகாரங்களுக்கு 103, நான்கு தொனிக்குறிகளுக்கு 107. தலைமேல் வரும் இகர, ஈகாரங்களுக்கோ பூச்சியம். எனவே உகரத்தையும் தொனிக்குறியையும் முன்பின்னாகத் தட்டினால் தானாகச் சீராகும். இகரத்தையும் தொனிக்குறியையும் அப்படித் தட்டினால் சீராகாது. இந்தப் பாதி வைத்தியத்துக்கு மொழி சார்ந்த எந்த நியாயமும் இல்லை. தாய்லாந்துக்காரர்கள் இந்த ஆபத்தை முன்பே கண்டு, 1991இல் 'விங் துக் தீ' என்ற உள்ளீட்டு விதியை வகுத்திருந்தார்கள். எந்தக் குறிக்குப் பின் எந்தக் குறி வரலாம் என்பதை விசைப்பலகையிலேயே சோதித்து, தவறினால் ஏற்க மறுக்கும் முறை. சோதனையே இல்லாதது, மிதமானது, கறாரானது என்று மூன்று நிலைகள். காவல் வாசலில் இருந்தால் உள்ளே ஒழுங்கு இருக்கும் என்ற எண்ணம் அலுவலகக் கணினிக் காலத்துக்குச் சரி. எங்கிருந்தோ வந்து விழும் உரைக்கு அந்த வாசல் கிடையாது.

வேறு இரண்டு புகார்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு பைட்டில் முடிந்த எழுத்து யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டு கேட்கிறது என்பது ஒன்று. தமிழுக்கும் அதே மூன்றுதான், இன்று அதற்காக யாரும் அழுவதில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாததால் வரியை எங்கே மடக்குவது என்று மென்பொருள் திணறுகிறது என்பது மற்றொன்று. 'தா க்லோம்' என்றால் வட்டக் கண், 'தாக் லோம்' என்றால் காற்றாட இருத்தல், எழுத்து ஒன்றே. அகராதியை உள்ளே வைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டியிருக்கிறது. அது எழுத்துமுறையின் குணம். தாளில் இல்லாத இடைவெளியை எண் அட்டவணை தர முடியாது.

ஆக, கொம்பை முன்னால் வைத்த முடிவு சரியானது. அன்றைய இயந்திரங்களுக்காகச் சரி என்று சலுகை கொடுத்துச் சொல்லவில்லை. கூட்டுமெய்யை மறைக்கும் ஓர் எழுத்துமுறைக்கு இன்று புதிதாகக் குறியேற்றம் வகுத்தாலும் அதுவே சரி. பிழை ஸரா அம்மில், அதற்குப் பொறுப்பு 1986இன் தரம். இரட்டைக் கொம்பிலும் வகுப்பு எண்களிலும் உள்ள பிழைக்குப் பொறுப்பு யூனிகோடு. எண்களை இனி யாரும் மாற்றப் போவதில்லை, மாற்றவும் தேவையில்லை. தேடலுக்கும் ஒப்பீட்டுக்கும் உரையை எடுக்கும்போது இரண்டு ஒற்றைக் கொம்பை 3649 ஆக்குவது, தலைமேல் வரும் உயிர்க்குறியைத் தொனிக்குறிக்கு முன்னால் நகர்த்துவது, வட்டமும் காலும் எந்த வரிசையில் வந்தாலும் தொனிக்குறிக்கு அடுத்து 3635ஆகக் கட்டுவது என்ற மூன்று வேலையைச் செய்தால் போதும். முதல் இரண்டையும் ஒரு பிற்பகலில் எழுதிவிடலாம். மூன்றாவதை எழுதுபவர், பாலி நூல்களில் அந்த வட்டம் காலைத் தேடாமல் தனித்தே நிற்கும் என்பதை மறக்காமல் எழுத வேண்டும்.